நடக்கிற வேஷம்

என் வீட்டுக்காரருக்குத் தொழில், சாவது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். படத்தில் போர்க்களம் வந்தால் அதில் அவர் கிடப்பார். ரயில் கவிழ்ந்தால் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கிடப்பார். வில்லன் சுட்டால் மாடிப்படியில் தலைகீழாகக் கிடப்பார். கண்ணைத் திறந்தபடி இமைக்காமல் கிடப்பதற்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டார். ஸ்டூடியோவில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. "பொணம் வந்தாச்சா?" என்று கேட்பார்கள். "பொணம் டீ குடிக்குது, இப்ப வந்துடும்" என்று பதில் வரும்.

நான் மேக்கப் போடுகிறவள். கதாநாயகிகளுக்கு இல்லை, அவர்களுக்குத் தனி ஆள் உண்டு. கூட்டத்துக்கு, காயம்பட்டவர்களுக்கு, செத்தவர்களுக்கு நான். அவர் முகத்தில் சாம்பல் நிறம் பூசித்தான் எனக்கு அவர் பழக்கம். உதட்டில் நீலம் தடவிக்கொண்டிருந்தபோது, "கொஞ்சம் லட்சணமாப் போட்டு விடுங்க, வீட்ல எனக்குப் பொண்ணு தேடிக்கிட்டு இருக்காங்க" என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற மனிதரா அவர்! அந்த வருஷமே எங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

அவரிடம் ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. டைரக்டர் 'கட்' சொன்ன பிறகும் எழுந்திருக்க மாட்டார். மற்ற பிணங்களெல்லாம் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு டீக்குப் போய்விடும். இவர் மட்டும் விறைத்துக் கிடப்பார். யாராவது வந்து என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய், "போதும் உங்க பவுசு, எழுந்திருங்க" என்று உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டினால்தான் துள்ளி எழுவார். செட்டே சிரிக்கும். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், பொய் சொல்வானேன்.

அப்படி இருந்தவருக்கு ஒருநாள் நடக்கிற வேஷம் கிடைத்தது.

அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களே இல்லை என்கிறார்கள். சுரங்கத்தின் அடியில் உறைந்து கிடந்த ஒரு கிருமி வெளியே வந்துவிடும். அது தொற்றினால் மனிதனுக்கு மூச்சு விடுவது மறந்துபோகும். நினைத்து நினைத்து, ஒவ்வொரு மூச்சாக இழுத்து விட வேண்டும். நினைப்பு தப்பினால் மூச்சு நின்றது, கண் அசந்தால் ஆள் போனான். ஊர் மொத்தமும் தூங்காமல் விழித்து விழித்துச் சாகும். அதைத் தடுக்க மருத்துவர்கள் உடம்பு முழுக்க மூடிய உடை போட்டுக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் போவார்கள். படத்தை எடுத்தவருக்கு அப்போது இளம் வயசு. முகமெல்லாம் தாடி. எல்லோரும் அவரைத் தாடி என்றுதான் சொன்னோம், முதுகுக்குப் பின்னால்.

"ஆறு பேர் வரிசையா நடந்து வரணும். கடைசி ஆள் நீ" என்று தாடி என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். "உன் தலைக்கவசத்துல கீறல் விழுந்துடும். கிருமி உள்ள போயிடும். மத்தவங்க உன்னைக் கண்ணாடி அறைக்குள்ள வெச்சு கதவைப் பூட்டிடுவாங்க. அங்க நீ சாகணும். நடையிலேர்ந்து சாவு வரைக்கும் ஒரே ஷாட். நடுவுல வெட்டே கிடையாது."

சாவதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. நடப்பதுதான் அவருக்கு உதறல். வாரம் முழுக்க வீட்டில் நடந்தார். சமையலறையில் பெரிய பாத்திரம் ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும், வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும். எங்கள் மகளுக்கு அப்போது ரெண்டு வயசு. அப்பன் காலைக் கட்டிக்கொண்டு அவளும் நடந்தாள்.

"வாத்து மாதிரி நடக்காதீங்க. டாக்டர் எவனாவது இப்படி நடப்பானா?" என்றேன்.

"டாக்டர்ல வாத்து டாக்டர் இருக்கக் கூடாதா? போடி, உனக்குப் பொறாமை" என்றார், பாத்திரத்துக்குள்ளிருந்து.

இனி அந்த உடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழைக்கோட்டுத் துணியில் தைத்தது. தலைக்கவசத்தில் முன்பக்கம் கண்ணாடி. கழுத்தைச் சுற்றி நாடா ஒட்டிவிடுவார்கள். பின்னால் ஒரு குழாய், குழாயின் முனையில் சின்னதாக ஒரு மின்விசிறி. அது சுற்றுகிற வரைக்கும் உள்ளே காற்று வரும். ஆனால் அது உறுமும். அந்த உறுமல் ஒலிப்பதிவில் விழும் என்று டேக் சமயத்தில் அதை நிறுத்திவிடுவார்கள். நிறுத்திவிட்டால் உள்ளே அடைபட்டிருக்கிற காற்றுதான் காற்று. யாருக்காவது மூச்சு முட்டினால் தலையில் ரெண்டு முறை தட்ட வேண்டும், உடனே ஓடிவந்து திறந்துவிடுவோம் என்று அசிஸ்டென்ட் டைரக்டர் ஒரு சைகை வைத்திருந்தார். அவர் நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன்.

முதல் நாளே ஒருவருக்கு மூச்சு முட்டியது. தலையில் ரெண்டு தட்டு தட்டினார். ஓடிப்போய்த் திறந்துவிட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், அவர் பிழைத்துக்கொண்டார். அதைத் தாடி கேமராவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவர் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார்.

"அய்யோ, இதைத்தான்யா நான் இத்தனை நாளாத் தேடிக்கிட்டிருந்தேன்! மூச்சு விட மறந்தவன் என்ன பண்ணுவான்? தலையில தட்டித் தட்டி ஞாபகப்படுத்திக்குவான்! இனிமே நோய் வந்தவன் எல்லாரும் இதைப் பண்ணணும்!"

அன்றைக்கே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். தெருவில் சாகிற கிழவர் தட்டினார். பேருந்தில் சாகிற பெண் தட்டினாள். கூட்டம் கூட்டமாகத் தலையில் தட்டிக்கொண்டு விழுந்தார்கள். நான் அவர்கள் உதடுகளுக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தேன். படத்துக்கே அதுதான் உயிர் என்று பேசிக்கொண்டார்கள்.

அப்படியானால் நிஜமாக மூச்சு முட்டினால் என்ன செய்வது? அசிஸ்டென்ட் வேறு சைகை வைத்தார். கட்டை விரலைத் தனியாக நீட்டிக் கீழே காட்ட வேண்டும். எல்லோரையும் நிற்க வைத்துப் பழக்கினார். அது நடந்து கொஞ்ச நாளில் கையுறைகள் விரல் விரலாகத் தையல் விட்டுப் போயின. உடைக்காரர் பார்த்தார். கெட்டித் துணியில் புதிதாகத் தைத்தார், எல்லா விரலும் ஒன்றாகப் போகிற பை மாதிரி. தையல் பிரமாதம். அதற்குள் கட்டை விரல் எங்கே இருக்கிறது என்று கையை விட்டவனுக்குத்தான் தெரியும். சைகை ஒருவர் இலாகா, கையுறை இன்னொருவர் இலாகா. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்தார்கள். பாழாய்ப் போக!

அந்த ஷாட் எடுத்த அன்று நான் மேக்கப் அறையில் இருந்தேன். தலைக்கவசம் போட்டவர்களுக்கு மேக்கப் எதற்கு? நடந்ததையெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். ஒத்திகைக்காக விசிறியை நிறுத்தினார்கள். ஒத்திகை முடிந்தது, விளக்கில் ஏதோ கோளாறு. "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று விளக்குக்காரர்கள் ஏணியில் ஏறி இறங்கினார்கள். நாடாவைப் பிரித்தால் மறுபடி ஒட்ட நேரமாகும் என்று யாரும் பிரிக்கவில்லை. விசிறியைப் போடவும் யாருக்கும் தோன்றவில்லை. விளக்குச் சூட்டில் ஆறு பேரும் நின்றார்கள். பிறகு 'ஆக்‌ஷன்' என்றார் தாடி.

நடந்து வந்தார்கள். இவர் கடைசியாக வந்தார். கீறல் விழுகிற இடத்தில் நின்றார், மற்றவர்கள் தள்ளினார்கள், கண்ணாடி அறைக்குள் போனார், கதவு பூட்டிக்கொண்டது. மற்ற ஐந்து பேரும் ஒரே ஓட்டமாகக் கேமராவைத் தாண்டிப் போய்த் தலைக்கவசத்தைக் கழற்றிப் போட்டார்கள். உள்ளே இவர் கையைத் தூக்கினார். பை மாட்டிய கை. அதைக் கீழே பார்த்துத் திருப்பிக் காட்டினார். எங்கள் ஊர் வாய்க்குச் சும்மா இருக்கத் தெரியுமா? படம் வந்த பிறகு பத்திரிகையில் எழுதினார்கள், விதிக்கு எதிராக மனிதன் உயர்த்துகிற முஷ்டி என்று. முஷ்டியாம். அவர் கட்டை விரலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அது புரியவில்லை என்று தெரிந்ததும் தலையில் ரெண்டு தட்டு தட்டினார். மறுபடி தட்டினார். கண்ணாடியில் வந்து மோதித் தட்டினார். தாடி அசிஸ்டென்ட்டின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "யோவ், இவனைப் போயி இத்தனை வருஷமாப் படுக்க வெச்சிருக்கோமேய்யா" என்று கிசுகிசுத்தாராம். டைரக்டர் 'கட்' சொல்கிற வரைக்கும் ஃபிரேமுக்குள் ஈ காக்கை நுழையக் கூடாது. அது எங்கள் தொழிலில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். யாரும் நுழையவில்லை.

'கட்' என்றதும் செட்டே கை தட்டியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. என் மனுஷனுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. பஞ்சைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், சந்தோஷத்தில்.

அவர் எழுந்திருக்கவில்லை. யாரும் கவலைப்படவில்லை. "பழக்கதோஷம்டா, விடு" என்று சிரித்தார்களாம். கதவைத் திறந்து விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். டீ முடிந்து ஒருவர் மேக்கப் அறைக்கு வந்தார். "அக்கா, வந்து உங்க வீட்டுக்காரரை எழுப்புங்க. அடுத்த ஷாட்டுக்கு இடம் வேணும்."

நான் சிரித்துக்கொண்டே போனேன். "போதும் உங்க பவுசு" என்றேன். பூட்ஸைக் கழற்றி உள்ளங்காலில் விரலை வைத்தேன்.

அதற்கு மேல் அந்த இடத்தை நான் சொல்வதாக இல்லை.

இதயக் கோளாறு என்று எழுதிக்கொடுத்தார்கள். பாவம், இதயத்தின் மேல் பழி. மாலை வைத்தார்கள். ஒரு நாள் படப்பிடிப்பை நிறுத்தினார்கள். கொஞ்ச காலம் கழித்து அசிஸ்டென்ட் வீட்டுக்கு வந்து நின்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"அக்கா, அந்த ஷாட் படத்துல இருக்கு. உங்ககிட்ட சொல்லாம இருக்க எனக்கு மனசு கேக்கல."

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நேராக எடிட்டிங் அறைக்குப் போனேன். சின்ன அறை. சுவரெல்லாம் ஃபிலிம் டப்பாக்கள். இருட்டில் மெஷினுக்கு முன்னால் எடிட்டர் அம்மா உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் தாடி. தாடி முகத்தில் தாடி இல்லை. மழித்துவிட்டிருந்தார். வேறு யாரோ என்று நினைத்தேன்.

"அதை வெட்டி எறியணும். இப்பவே. என் கண் முன்னாடி" என்றேன். "ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவிச்சுச் செத்ததை ஊர் கூட்டி வேடிக்கை காட்டுவீங்களா? உங்களுக்கெல்லாம் அக்கா தங்கச்சி இல்லையா? நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

அவர் எதிர்த்துப் பேசுவார் என்று நினைத்தேன். அதற்குத் தோதாக வீட்டிலிருந்தே வசவுகளை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். அவரோ குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சொல்லிட்டா எடுத்துடறேன்மா. சத்தியமா எடுத்துடறேன்" என்றார். "வேற ஆளை வெச்சு மறுபடி எடுத்துக்கறேன். நான் தூங்கி எவ்வளவோ நாளாச்சு."

"தூங்காதீங்க" என்றேன்.

எடிட்டர் அம்மா என் பக்கம் திரும்பி, "வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாக்கறீங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தலை ஆடிவிட்டது.

மெஷின் சின்னத் திரையில் வெள்ளைத் தாழ்வாரம். ஆறு பேர் வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே உடை, முகம் தெரியவில்லை. ஆனால் கடைசி ஆள் பாதத்தை வெளியே தள்ளித் தள்ளி நடக்கிறார். வாத்து. என் வாத்து. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தனக்குத்தான் இந்த உலகத்தையே காப்பாற்றுகிற பொறுப்பு என்பது மாதிரி வருகிறார். கேமராவைத் தாண்டும்போது கண்ணாடிக்குள் முகம் ஒரு கணம் தெரிந்தது. வியர்த்துப் போயிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். பாவி மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"நிறுத்துங்க" என்றேன். கதவைப் பூட்டுகிற இடத்தில் படம் நின்றது. "மறுபடி போடுங்க."

போட்டார். நடந்து வந்தார். "மறுபடி" என்றேன். எத்தனை தரம் போடச் சொன்னேனோ தெரியாது. அந்த அம்மா ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. எங்கள் வீட்டில் அவருடைய போட்டோக்கள் உண்டு, எல்லாம் விறைப்பாக நின்று எடுத்தவை. படங்களில் அவர் இருக்கிறார், எல்லாவற்றிலும் பிணமாக. அசைகிற புருஷன், நடக்கிற புருஷன், இந்த உலகத்திலேயே இந்த ஒரு ஃபிலிம் துண்டில்தான் இருந்தார்.

"இது வரைக்கும் வெச்சுக்கிட்டு மீதியை வெட்டிடுங்க" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

எடிட்டர் அம்மா தாடியைப் பார்த்தார். தாடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாதான் சொன்னார்.

"அது முடியாதும்மா. உள்ள போனவன் என்ன ஆனான்னு ஜனங்க கேப்பாங்க. அவன் சாகறதை வெச்சுத்தான் மீதிக் கதையே ஓடுது. வேற ஆளை வெச்சு சாவை எடுத்தா நடையையும் அந்த ஆளை வெச்சுத்தான் எடுக்கணும். இல்லேன்னா உள்ள தடுமாறி நடக்கறப்பவே ஆள் மாறினது தெரிஞ்சுடும். இவர் நடை அப்படி."

மெஷின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. திரையில் அவர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றிருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது, அவர்கள் மேல் இல்லை, இவர் மேல். ஒழுங்காக எல்லோரையும் போல நடந்து தொலைத்திருக்கக் கூடாதா? நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும், டாக்டர் வேஷம் போட்டால் டாக்டர் மாதிரி நடக்க வேண்டாமா? அப்படி நடந்திருந்தால் வேறு யாரையாவது ஒட்டவைத்திருப்பார்களே. வீட்டில் பிள்ளை இருந்தது. அப்பா எப்படி இருப்பார் என்று ஒருநாள் கேட்கும். பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நான் நடந்து காட்டவா?

"இருக்கட்டும்" என்றேன். "முழுசா இருக்கட்டும்."

சொல்லிவிட்டு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

படம் ஓடு ஓடு என்று ஓடியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தச் சாவைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். நான் போகவில்லை. வெளியே சுவரொட்டியைப் பார்த்தால் தெருவை மாற்றிக்கொண்டு போனேன். பிறகு அதை மகத்தான படம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வருஷங்கள் கழித்து மறுபடி திரையிட்டார்கள். மகள் அதற்குள் பள்ளிக்கூடம் போகிற பெண்ணாகிவிட்டாள். உடம்பு சரியில்லாமல் அப்பா செத்துப்போய்விட்டார் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். காகிதத்தில் எழுதிக்கொடுத்ததும் அதுதானே.

"அம்மா, அப்பா அதுல நடிச்சிருக்காராமே. என்னைக் கூட்டிட்டுப் போம்மா" என்றாள்.

இதற்குத்தானே 'இருக்கட்டும்' என்றேன், இனி மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? பகல் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மனசுக்குள் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். நடக்கிறதைக் காட்டுவேன். கதவைப் பூட்டியதும் அவள் கண்ணைப் பொத்திவிடுவேன். அவ்வளவுதான், சுலபம்.

தியேட்டர் நிரம்பியிருந்தது. படத்தில் ஊர் சாகச் சாக அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தாழ்வாரம் வந்தது. அவள் காதோரம் குனிந்தேன். "கடைசியா வர்றவர்" என்றேன்.

அவள் இருக்கையில் ஏறி நின்றாள். "அப்பாவா? அதுவா? ஐயே, வாத்து மாதிரி நடக்கறாரும்மா!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் ஒரு நொடி அசந்துவிட்டேன்.

கதவு பூட்டிக்கொண்டது. சட்டென்று கையை நீட்டி அவள் கண்ணைப் பொத்தினேன். "விடும்மா!" என்று ரெண்டு கையாலும் என் கையைப் பிடித்து இழுத்தாள். எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ. நான் மறுபடி பொத்தினேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நழுவினாள். "எங்கப்பாவைப் பாக்க விட மாட்டியா நீ?" என்று கத்தினாள். நான் கையை எடுத்துவிட்டேன்.

பார்த்தாள். அவர் கையைத் தூக்கியதை, தட்டியதை, கண்ணாடியில் மோதியதை, விழுந்ததை. கடைசி வரைக்கும் இமைக்காமல் பார்த்தாள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் அதில் ஏறி ஏறி இறங்கியது. அவர் அசைவு நின்றதும் தியேட்டர் கை தட்டியது. அந்த இடத்தில் எப்போதும் தட்டுவார்களாம்.

மகள் என் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா! அப்பா என்னமா நடிக்கிறாரு! எல்லாரும் கை தட்டறாங்க பாரு! நீ ஏம்மா தட்டல?"

அவள் தட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா கண்ணு, நல்லா நடிச்சிருக்காரு" என்றேன். நானும் தட்டினேன்.